வேலை போன பிறகு வீட்டில் நிம்மதி என்பதெல்லாம் பொய்தானே?

கேள்வி, 08-10-2023

வேலை போனதும் "இப்பதான் நிம்மதியா இருக்கேன், வீட்டோட அருமை இப்பதான் தெரியுது" என்று சொல்கிறவர்கள் அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள். எனக்கு வேலை போய் 6 வாரம். ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை. நிஜமாகவே நிம்மதியாக இருக்கிற ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். எப்படி என்றும் சொல்லுங்கள்.

09-10-2023, இரவு 11:20

தூக்குகிறேன். பாதிக் கைதான்.

எனக்கு ஜூலை 14, வெள்ளிக்கிழமை போனது. சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஓர் ஐடி கம்பெனி, பெயர் வேண்டாம். 8 வருடம் 7 மாதம் அங்கே. வயது 46. மொத்தம் 12 நிமிட வீடியோ கால். அதில் முதல் மூன்று நிமிடம் ஹெச்ஆர் அம்மா மைக்கை ம்யூட்டில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். "மேடம், ம்யூட்ல இருக்கீங்க" என்று நான்தான் சொன்னேன். என் வேலை போகிற செய்தியை நானே வலிய வரவழைத்துக் கேட்டவன் நான்.

முதல் ஆறு வாரம் நீங்கள் சொல்கிற மாதிரியேதான். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு, படுத்தபடி ஈஎம்ஐ கணக்கு. அதனால் இப்போதே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஏழாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேற்கு தாம்பரத்தில் இந்த ஃபிளாட்டை வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. காலை 6:35-க்குக் கம்பெனி பஸ், திரும்பி வர எட்டு, எட்டரை. வீட்டில் இருந்து வேலை பார்த்த கொரோனா காலத்திலும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனோடுதான் இருந்தேன். எங்கள் வீட்டு மத்தியானம் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டரை மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, கம்பி கம்பியாக ஹால் தரையில் விழுகிறது. அம்மா மோர் மிளகாய்த் தட்டை அதில் வைத்திருந்தாள். வெயில் நகர நகர, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலால் தட்டையும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பீரோ அடிவரை வந்ததும் வெயில் முடிந்துவிடும், தட்டு அலமாரிக்குப் போய்விடும். மறுநாள் அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். நாலு மணி வரை அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அன்று ராத்திரி விழிப்பு வரவில்லை.

காரணம் கேட்காதீர்கள். மிளகாய் காய்ந்தது, அவ்வளவுதான்.

10-10-2023, காலை 7:05

நேற்று எழுதியதைக் காலையில் படித்தால் ஏதோ சாமியார் எழுதின மாதிரி இருக்கிறது. ஒரு திருத்தம். என் மனைவிக்கு வேலை இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

17-10-2023

இரண்டு பேர் பணக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். விழிப்பு நின்றதற்கு மோர் மிளகாய் மட்டும் காரணம் என்றால் அதுவும் பொய். பாதிக் காரணம் ஒரு தாள். மகளின் பழைய கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, மாதம் என்ன போகிறது, மனைவி சம்பளம் எவ்வளவு, எவ்வளவு துண்டு விழுகிறது என்று எழுதினேன். வீட்டு ஈஎம்ஐ 5-ஆம் தேதி 31,400. மற்றதெல்லாம் சேர்த்தால் மாதம் 19,000 துண்டு விழுகிறது. பயந்த அளவு இல்லை. பயத்தில் நான் லட்சத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கையில் இருப்பது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை, 2,70,000. வகுத்தால் 14 மாதம்.

இதில் ஒரு ரகசியம். என் கணக்குப்படி 2,08,000தான் வர வேண்டும். அடிப்படைச் சம்பளம் 52,000, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 26,000, எட்டு வருடம். அவர்கள் 62,000 கூடப் போட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

பிஎஃப்-ஐத் தொடவில்லை. இந்த 2023 விதிப்படி, வேலை போய் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதம் எடுக்கலாம், இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம். எடுத்தால் கார் வாங்கத் தோன்றும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். பென்ஷன் பங்கு தனி. பத்து வருட சர்வீஸ் தாண்டியவர்கள் அதை மொத்தமாக எடுக்க முடியாது, சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் கோட்டை விட்டது மெடிக்கல் இன்ஷூரன்ஸ். அம்மாவுக்கு 74, சர்க்கரை இருக்கிறது. அவள் என் கம்பெனி பாலிசியில்தான் இருந்தாள். கடைசி நாளோடு அது போயிற்று. குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வழி இருக்கிறது, வெளியே வருவதற்குள் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. இப்போது புதுப் பாலிசியில் சர்க்கரைக்குக் காத்திருப்புக் காலம். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தூக்கம் சரியில்லை.

18-10-2023

கிராஜுவிட்டி பற்றித் திருத்தியவருக்கு நன்றி, கொஞ்சம் கோபமும். மாதத்தை 30-ஆல் வகுக்கக் கூடாது, 26-ஆல் வகுக்க வேண்டும். அப்படியென்றால் வருடத்துக்கு 30,000. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டமாம், அதனால் 8 வருடம் 7 மாதம் என்பது 9. ஆக மொத்தம் 2,70,000, பைசா கூடவோ குறையவோ இல்லை. கம்பெனியை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இரண்டு மாதம் இருந்தேன், அதையும் பிடுங்கிவிட்டீர்கள்.

என்னை அனுப்பும்போது ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். "ராஜினாமாக் கடிதத்தில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்" என்று கேட்டவருக்கு: பயந்துதான். "நீங்களே எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக இருக்கும்" என்றார்கள். ஆட்குறைப்பு என்று அவர்கள் அனுப்பியிருந்தால், தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு மாத நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் தனியாக உண்டு. நாமே ராஜினாமா என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. என் மாதிரி லீட் பதவியில் இருக்கிறவன் தொழிலாளியா இல்லையா என்பது வேறு சண்டை. நீங்கள் யாராவது அந்த நாற்காலியில் உட்கார நேர்ந்தால், ஒரு நாள் டைம் கேளுங்கள். நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

02-11-2023

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் ஆகஸ்ட்டிலேயே கேட்டார், "என்ன சார், பகல்ல வீட்ல இருக்கீங்க, நைட் ஷிப்டா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

அவர் நல்ல மனுஷன். கீரைக்கார அம்மா எங்கள் வாசலில் குரல் கொடுத்தால், "சத்தம் போடாதம்மா, சார் தூங்குவாரு" என்கிறாராம். பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவரின் ஸ்பீக்கர் வண்டி எங்கள் பில்டிங்கைத் தாண்டித்தான் ஒலிக்கிறது. பதினோரு மணிக்கு அரைக்கீரை வாங்க நான் இறங்கிப் போனால், "தூக்கம் வரலையா சார்" என்று கவலைப்படுகிறார். நான் கொட்டாவி விடுகிறேன். மாதக்கணக்காக வராத கொட்டாவியை விட்டுக்கொண்டு கீரை வாங்குகிறேன்.

13-11-2023

தீபாவளி முடிந்தது. "என்ன மாப்ளே, அடுத்து என்ன பிளான்" என்று ஆறு பேர் கேட்டார்கள். மச்சினர் கேட்கவில்லை. "சும்மாதானே இருக்கீங்க" என்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலை ஒன்றை என் தலையில் கட்டினார். அவருடைய முறை எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்குப் போன வாரம் வேலை கிடைத்துவிட்டதாம். வாழ்த்துகள். இழையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

21-11-2023

அம்மாவைப் பற்றி முன்பு எழுதியதில் ஒன்றை மாற்ற வேண்டும்.

மத்தியானம் அம்மாவோடு சேர்ந்து சாப்பிடுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா போன பிறகு, எட்டு வருடமாக அம்மா பகலில் எப்படிச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. இப்போதுதான் தெரிந்தது. பதினொன்றரைக்கு மோர் சாதம், நார்த்தங்காய் ஒரு துண்டு. அதுவும் சிங்க் பக்கத்தில் நின்றபடி, சாப்பிட்ட கிண்ணத்தைக் கையோடு கழுவி வைத்துவிடுவாளாம். மனைவி காலையில் வைத்துவிட்டுப் போகிற குழம்பு அப்படியே ராத்திரி எங்களுக்கு வரும்.

நான் உட்கார்ந்ததும் அவள் சமைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் புளிக்குழம்பு, மறுநாள் சொதி. எனக்கு ஒரே குஷி, சிறு வயது திரும்பிவிட்ட மாதிரி. ஒன்றரை மாதம் கழித்துத்தான் உறைத்தது. 74 வயது அம்மாவுக்குத் தினம் ஒரு மணி நேர வேலையைக் கூட்டிவிட்டு அதற்கு நிம்மதி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அப்புறம் நான் சமைக்கிறேன் என்று இறங்கினேன். அதிலும் அவளுக்குச் சந்தோஷம் இல்லை. "ஏல, நீ எப்பதான் வேலைக்குப் போவ? மத்தியானம் செத்த நேரம் கண்ணசர முடியல. ஒரே பாத்திரச் சத்தம்." எனக்கு வீடு கிடைத்தது, அவளிடமிருந்த வீடு போயிற்று. இரண்டு வாரம் பேரம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். ஒன்று முதல் மூன்று வரை நான் சமையலறைப் பக்கமே போகக் கூடாது. கிரைண்டர் என் பொறுப்பு. மோர் மிளகாய் மறுபடியும் அவள் பொறுப்பு.

கிரைண்டரைப் பற்றி எழுதினால் இந்த இழை முடியாது. சுருக்கமாக: இட்லி அரிசி நாலு, உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன். முதல் தடவை உளுந்துக்குத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினேன். மாவு எழும்பவே இல்லை, பாயசம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கை நனைத்துத் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். முப்பது நிமிடத்தில் உளுந்து வெண்ணெய் மாதிரி பொங்கிக் குழவி மேல் ஏறும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். முதல் முறை மிதந்த அன்று அலுவலக நண்பனுக்குப் போட்டோ அனுப்பினேன். "சாப்பிட வரவா" என்று கேட்டு அவனும் வந்தான். அவனுக்கும் வேலை போயிருந்தது, சொல்லாமல் இருந்திருக்கிறான். பதினான்கு இட்லி சாப்பிட்டான்.

22-11-2023

புது உளுந்தா பழைய உளுந்தா என்று பார்க்காமல் 4:1 என்று எழுதியது தப்பு என்று நாலு பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். ஆட்குறைப்புச் சட்டத்துக்கு யாரும் இவ்வளவு பேசவில்லை. சரி, பழைய உளுந்தாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

09-12-2023

மிக்ஜாம் புயலில் எல்லாரும் பத்திரமா? நாங்கள் பத்திரம். 3-ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை மறுநாள் ராத்திரி வரை விடவில்லை. முடிச்சூர் பக்கம் படகு விட்டார்கள். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், நாங்கள் மூன்றாவது மாடி. திங்கள் காலை போன கரண்ட் புதன் சாயங்காலம்தான் வந்தது.

ஞாயிறு ராத்திரி வழக்கம்போல அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்தேன். காலையில் கரண்ட் இல்லை. ஊறினதை என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, அம்மா எழுந்து வந்தாள். உளுந்தை முழுக்க எடுத்தாள், அரிசியில் ஒரு பங்கை மட்டும் எடுத்தாள். வெந்தயம் ஏற்கெனவே உளுந்தோடு கிடந்தது. பத்துப் பல் பூண்டு, கருப்பட்டி, ஒரு மூடித் தேங்காய். உளுந்தங்கஞ்சி. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இட்லிக்கு ஊறப்போட்ட அதே சாமான்தான், அரைக்காமல் வேகவைத்தால் இன்னொரு சாப்பாடு. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இஸ்திரிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கார் பார்க்கிங் மேட்டில் ஏற்றிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்குள் தண்ணீர். ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். இருட்டு, மெழுகுவத்தி, வெளியே மழை. அந்த நேரத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நைட் ஷிப்ட் எல்லாம் இல்லண்ணே. வேலை போயிடுச்சு" என்றேன்.

கஞ்சியை ஊதிக்கொண்டே, "தெரியும் சார்" என்றார். "ஜூலையிலருந்து உங்க சட்டை ஒண்ணுகூட வரலையே."

நைட் ஷிப்டுக்குப் போகிறவனும் சட்டை போட்டுக்கொண்டுதான் போவான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் விட்ட கொட்டாவியெல்லாம் வீண்.

20-01-2024

மனைவி இந்த இழையைப் படித்துவிட்டாள். பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த அவள் தங்கைதான் காட்டியிருக்கிறாள். முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மனைவிக்கு வேலை இருக்கிறதுன்னு ஒரு வரி. மோர் மிளகாய்க்கு ஒரு பத்தியா?"

அதனால் இந்தப் பத்தி. அவள் ஒரு வங்கியில் கிளார்க். காலையில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ரயில். நான் வீட்டில் இருக்க ஆரம்பித்த ஆறு மாதத்தில் அவள் ஒரு நாள்கூட கேஷுவல் லீவ் போடவில்லை. ஜுரத்தோடு ஒரு நாள் போனாள், நான் அன்று உளுந்து மிதந்த போட்டோவை அவளுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஃபோனில் தேதியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

"நீங்க இப்படி இருக்கறது எனக்கும் பிடிச்சிருக்கு. பாப்பாகூட உங்ககிட்ட இப்பதான் பேசறா. ஆனா நான் ஏழு மணிக்கு வரும்போது நீங்க தூங்கி எழுந்த மூஞ்சியோட கதவைத் திறந்தா எரிச்சலா வருது. 14 மாசம்னு கணக்குப் போட்டீங்களே, அதுல என் லீவு எத்தனை மாசம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் சம்பளம் அதில் ஒரு எண்ணாக இருக்கிறது, ஆளாக எங்கேயும் இல்லை. மாதம் 19,000 துண்டு விழுகிறது என்று எழுதியிருந்தேன், மீதி அத்தனையும் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவே இல்லை.

21-01-2024

"அப்போ உங்கள் நிம்மதி பொய் என்று ஒப்புக்கொள்கிறீர்களா" என்று ஒருவர். இல்லை. வெயில் இன்றைக்கும் பீரோ அடிக்கு வந்தது, தை மாத வெயில், போன செப்டம்பரில் விழுந்த இடத்தில் விழவில்லை, ஒரு முழம் தள்ளி விழுகிறது. அது எனக்குத் தெரிகிறது. தெரிவதில் சந்தோஷமும் இருக்கிறது. ஆனால் நான் தூக்கினது பாதிக் கைகூட இல்லை, கால் கை.

11-03-2024

வேலை தேடுவதைப் பற்றி எழுதவே இல்லை என்கிறீர்கள். எழுத ஒன்றும் இல்லை. ஜனவரி கடைசியிலிருந்து 41 இடத்துக்கு அனுப்பினேன், 5 இடத்தில் பேசினார்கள். ஒருவர் என்னை விடப் பதினெட்டு வயது இளையவர், "இந்த எட்டு மாத இடைவெளியில் என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்று கேட்டார். மாவரைக்க என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

நடுவில் ஒரு பெரிய கம்பெனியில் பழைய சம்பளத்துக்கே கூப்பிட்டார்கள். சிறுசேரி, வாரம் ஐந்து நாள், பஸ் 6:20-க்கு. வீட்டில் சொன்னேன். அம்மா "போ" என்றாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி இரண்டு நாள் கழித்து, "சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, மறுபடி அந்த பஸ் வேண்டாம்" என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. நான் வீட்டில் இருந்தது அவளுக்கும் ஏதோ கொடுத்திருக்கிறது, என்ன என்று கேட்டால் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் லீவ் மட்டும் அடுத்த நாளே போட்டாள். இரண்டு நாள். கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

03-04-2024

கிடைத்துவிட்டது. கிண்டியில் சின்ன கம்பெனி, மொத்தமே நாற்பது பேர். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மெடிக்கல் இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்கலாமா என்று முதல் கேள்வியாகக் கேட்டேன், சேர்க்கலாம் என்றார்கள். மனைவியோடு ஒரே ரயில். அவள் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறுவாளாம், என்னோடு ஏறமாட்டாளாம்.

அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுல இருந்து மூணு மணி வரைக்கும் இனி எனக்கா?" என்று கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில்தான் வேலை என்றேன். முகம் வாடினதா மலர்ந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. தட்டை நகர்த்தப் போய்விட்டாள்.

இன்று காலை சட்டைகளைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போனேன். ஒன்பது மாதம் பீரோவில் கிடந்தவை, இரண்டுக்கு வயிற்றுப் பக்கம் பட்டன் போட வரவில்லை. அவர் மூட்டையை வாங்கி ஒன்றும் கேட்காமல் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வாரத்துக்கு அஞ்சா சார், மூணா?"

மூணு என்றேன்.